சாய்வு நாற்காலிக்கு ஒரு சீட்டு

வருஷக் கடைசி விடுமுறைக்கு இனிமேல் யாருக்கும் கண்டபடி பரிசு வாங்கிக் குவிப்பதில்லை என்று ஒரு சபதம் எடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த சபதம். வாய் நிறைய நுரை இருந்ததால் யார் காதிலும் விழவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடியும் சத்தமாக எடுத்தேன்.

"என்னங்க, பல்லு வலியா?" என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

என் சபதங்களுக்கு எங்கள் வீட்டில் இருக்கும் மரியாதை அவ்வளவுதான்.

நான் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. யார் வந்தாலும் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, உங்களுக்கு இவ்வளவு பவர் என்று நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். வீட்டில் எனக்கு எவ்வளவு பவர் என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

போன வருஷக் கதையைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். விடுமுறை வந்தாலே கடைத்தெரு முழுக்க 'பாதி விலை' என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். பாதி விலை என்று பார்த்துவிட்டால் என் மனைவி ஒன்று வாங்க மாட்டாள், இரண்டு வாங்குவாள். பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் நடக்கவில்லை போலிருக்கிறது.

"இவ்வளவு பொட்டலம் எதுக்கும்மா?"

"எல்லாம் பாதி விலைங்க. எவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"அந்த மிச்சம் எங்கே?"

"அதுலதான் இந்தப் பூ ஜாடி வாங்கினேன்."

அந்தப் பூ ஜாடி தனிக் கதை. அதை என் மச்சினிக்கு, அதாவது என் மனைவியின் தங்கைக்குக் கொடுத்தோம். அவள் அதைத் தன் அலுவலகத்தில் யாருக்கோ கொடுத்தாள். அந்த யாரோ இன்னொரு யாருக்கோ கொடுத்தார். அப்படியே கை மாறி, கண் பரிசோதனைக்கு வந்த ஒரு புண்ணியவான் மூலமாக என்னிடமே வந்து சேர்ந்தது. அதே ஜாடி. அடியில் நான் கீழே போட்டு உண்டாக்கிய விரிசல் உட்பட. அது ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. பரிசு வாங்கியே காசு தீர்ந்துபோனதால் நாங்கள் அந்த விடுமுறையில் எங்கேயும் போகவில்லை.

ஆனால் உங்களிடம் மறைப்பானேன்? என் சபதத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது.

என் கடைக்குப் பக்கத்துக் கடை நாற்காலிக் கடை. அதன் வாசல் கண்ணாடிக்குள் ஒரு சாய்வு நாற்காலி. காப்பிக்கொட்டை நிறம். பக்கத்தில் ஒரு பிடி. அந்தப் பிடியை இழுத்தால் முதுகு மெதுவாகச் சாயும், கால் மெதுவாக உயரும். உலகத்தில் எனக்காக எதுவும் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாக நடந்ததே இல்லை.

"சும்மா உக்காந்து பாருங்க சார். உக்கார்றதுக்குக் காசு இல்ல" என்பார் நாற்காலிக்காரர்.

"எழுந்திருக்கறதுக்கு?"

"அதுக்குத்தான் யாருக்கும் மனசு வர்றதில்ல."

எனக்கும் வரவில்லை. நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனால், சோபாவில் ஒரு பக்கம் என் மகள், மறுபக்கம் மடிக்காத துணி. எனக்கு இருப்பது ஒரு முக்காலி. அந்த முக்காலியில் உட்கார்ந்தே என் வாழ்க்கையில் முக்கால்வாசி ஓடிவிட்டது. மிச்சக் கால்வாசியாவது காலை நீட்டிக்கொண்டு ஓடட்டும் என்று ஆசைப்பட்டேன். தப்பா?

டீயைக் குறைத்தேன். முடிவெட்டுவதைத் தள்ளிப் போட்டேன். கடைக்கு வந்தவர்கள், "சார், ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்கும் அளவுக்குத் தள்ளிப் போட்டேன். அப்படி மிச்சம் பிடித்ததை ஒரு பழைய கண்ணாடிக் கூட்டில் அடைத்து, அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். கண்ணாடிக்காரன் வீட்டில் கண்ணாடிக் கூட்டை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பரிசுச் செலவும் இந்த வருஷம் மிச்சமானால் நாற்காலி என்னுடையது.

எனவே திட்டத்தோடு மனைவி எதிரே போய் நின்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதோ பாரு. இந்த வருஷம் ஒருத்தர் ஒருத்தருக்கு மட்டும்தான் பரிசு வாங்கணும்."

"யாரு யாருக்கு?"

"சீட்டுக் குலுக்கிப் போடுவோம். நாம மூணு பேரு, உங்கம்மா, உன் தங்கச்சி, என் தம்பி. ஆறு பேரு, ஆறு சீட்டு. யாருக்கு எந்தச் சீட்டு வருதோ அவங்களுக்கு மட்டும் வாங்கணும். மத்தவங்களுக்கு ஒரு குண்டூசிகூடக் கிடையாது."

"யாருக்கு யார் வந்துதுன்னு சொல்லலாமா?"

"மூச்சு விடக் கூடாது. பரம ரகசியம்."

"விலை?"

"ஒரு குடை விலைக்கு மேல போகக் கூடாது."

"எந்தக் குடை? நீட்டுக் குடையா, மடக்குக் குடையா?"

"மடக்குக் குடை."

"ரெண்டு மடிப்பா, மூணு மடிப்பா?"

"ஏம்மா, நான் என்ன குடைக் கடையா நடத்தறேன்? ஏதோ ஒரு குடை!"

அவள் ஒரு சட்டையை மடித்து முடித்தாள். பிறகு, "நல்ல யோசனைங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கே வந்தது? பாராட்டைக் கேட்டால் எனக்குக் காது அடைத்துவிடும். இன்னும் நாலு தரம் அவள் அதையே சொல்ல மாட்டாளா என்று நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமா, சீட்டுல பேரா எழுதப் போறீங்க?"

"பின்னே படமா வரைவேன்?"

"எங்கம்மா பேரை எழுதி பிஸ்கட் டப்பாவுல போட்டுக் குலுக்குவீங்களா? வயசான மனுஷி. ஒரு மரியாதை வேணாம்?"

"அப்ப என்ன எழுதறது?"

"முறையை எழுதுங்க."

"எந்த முறையை?"

"உங்களுக்கு அவங்கவங்க என்ன முறையோ அதை. நீங்கதானே எழுதறீங்க?"

நியாயம்தானே? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்து அழகாக எழுதினேன். மாமியார். மச்சினி. தம்பி. மகள். மனைவி. கடைசிச் சீட்டில் 'நான்' என்று எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் கம்பீரமாகக்கூட இருந்தது. அந்த ஒரு சீட்டை மட்டும் இரண்டு தரம் அழுத்தி எழுதினேன்.

இன்னொரு சின்ன வேலையும் செய்தேன். 'தம்பி' என்ற சீட்டின் ஓரத்தை லேசாகக் கிழித்து வைத்தேன். என் தம்பி ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். கல்யாணம் ஆகாதவன். அவன் சாக்ஸில் எப்போதும் கட்டைவிரல் எட்டிப் பார்க்கும். ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கிக் கொடுத்தால் கண் கலங்கிவிடுவான். குடை விலைக்கு எதற்கு, குடைக் கம்பி விலைக்கே அவனைச் சமாளித்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு வரச்சொன்னேன். அடுத்த தெருவிலிருந்து மாமியாரும் மச்சினியும் வந்தார்கள். தம்பி கருவிப் பையோடு வந்தான். பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிவிட்டு, "வீட்டுக்கு மூத்தவன், முதல்ல நான் எடுக்கறேன்" என்று கையை விட்டேன். கிழிந்த ஓரம் விரலில் பட்டது. தம்பி! ஆச்சரியப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்தது மாமியார். நான் செய்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டைப் பிரித்தார். படித்தார். வாயெல்லாம் பல்லாக என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

மச்சினி பிரித்தாள். "மாமா, இது என்ன..." என்று ஆரம்பித்தாள்.

"மூச்!" என்றேன்.

என் மகள் பிரித்தாள். "அப்பா, எனக்கு ஏதுப்பா..."

"மூச்!"

தம்பி சீட்டைத் திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "அண்ணே..."

"மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? வாயைத் திறந்தா அவங்கதான் எல்லாருக்கும் பரிசு வாங்கணும்!"

அவ்வளவுதான், எல்லார் வாயும் மூடிக்கொண்டது. டப்பாவில் மிச்சமிருந்த கடைசிச் சீட்டை என் மனைவி எடுத்தாள். பிரித்தாள். ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை உதட்டுக்குள் மடித்து, சீட்டையும் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வீடே குசுகுசு என்று ஆகிவிட்டது. நான் கடையிலிருந்து வந்தால் அடுக்களையில் என் மனைவியோடு யாராவது ஒருவர் நின்று காதைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் தம்பி.

"என்னடா இங்கே?"

"ஃபிரிட்ஜ் சத்தம் போடுதுன்னு அண்ணி கூப்பிட்டாங்கண்ணே."

எங்கள் ஃபிரிட்ஜ் சத்தமே போடாது. இந்த வீட்டில் சத்தம் போடாமல் இருப்பது அதுவும் நானும்தான். இன்னொரு நாள் மச்சினி. என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று பேச்சை விழுங்கினாள். என் மகளோ அம்மாவைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், என்னைப் பார்க்கிறாள், இன்னும் அதிகமாகச் சிரிக்கிறாள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் சட்டத்தை இவ்வளவு பயபக்தியோடு யாரும் கடைப்பிடித்ததில்லை. சுற்றி எல்லாரும் பை பையாக வாங்கிக்கொண்டு போகிறார்கள், என் வீட்டில் மட்டும் ஒரு காகிதப் பைகூட நுழையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பொட்டலங்களுக்கு நடுவில் முகம் தெரியாமல் படியேறுவார். "சும்மாதான் சார், பாதி விலை" என்று பொட்டலத்துக்குள் இருந்து குரல் மட்டும் வரும். நான் கையை வீசிக்கொண்டு அவரைத் தாண்டிப் போவேன்.

ஒரு சாயங்காலம் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவள் கையில் இருப்பது 'நான்' சீட்டாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாளே!

"உனக்கு யாரு வந்துதுன்னு கேக்கல. ஆளு எப்படி? அதை மட்டும் சொல்லு."

"ரொம்ப நல்ல ஆளுங்க. இந்த வீட்டுக்காக ஓடா உழைக்கிற ஆளு."

எனக்கு நெஞ்சு விம்மியது. "அப்படியா?"

"ஆனா பாவம், ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல."

"உண்மை! நூத்துக்கு நூறு உண்மை!"

"என்ன வாங்கறதுன்னுதான் யோசனையா இருக்கு."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அந்த ஆளு நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற ஆளா?"

"ஐயோ, ஆமாங்க! எப்படிச் சரியா சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? அப்ப கால் வலிக்கும்."

"வலிக்கத்தான் வலிக்குது."

"கால் நீட்டிச் சாஞ்சு உக்கார்ற மாதிரி ஒரு நாற்காலி இருந்தா..."

"என்னங்க, என் மனசுல இருக்கறதை அப்படியே எடுத்து வெச்ச மாதிரி இருக்கு!"

இவளைப் போய் இத்தனை நாள் புரிந்துகொள்ளாமல் இருந்தோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. "எங்க பக்கத்துக் கடையிலயே இருக்கு. காப்பிக்கொட்டை நிறம். பிடியை இழுத்தா கால் தன்னால தூக்கும்."

"ஆனா குடை விலைக்கு மேல போகக் கூடாதே. உங்க சட்டமாச்சே?"

"நல்ல மனுஷங்களுக்கு விதிவிலக்கு உண்டு."

"நீங்களே சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

"நாலஞ்சு பேரு சேர்ந்து வாங்கலாமா?"

"தாராளமா!"

"அப்பவும் பத்தலைன்னா?"

"பத்தலைன்னா வீட்டுல இருக்கறதை எடுத்துப் போடு. உன்னை யாரு கேக்கப் போறா?" என்றேன். அரிசி டப்பாவிலும் தலையணை உறைக்குள்ளும் அவள் ஒளித்து வைத்திருப்பதைத்தான் நான் சொன்னேன். வேறு எதைச் சொல்வேன்?

"உங்க வாயால சொல்லிட்டீங்க. போதும்" என்று அவள் எழுந்து போனாள். போகிற நடையில் ஒரு துள்ளல் தெரிந்தது.

விடுமுறைக்கு முந்தின வாரம் கடைக்குப் போகிறேன், பக்கத்துக் கடையில் நாற்காலியைக் காணோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே நடு எழுத்தில் விட்டுவிட்டு ஓடினேன்.

"எங்கய்யா நாற்காலி?"

"வித்தாச்சு சார்."

"யாருக்கு?"

"சொல்லக் கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு." நாற்காலிக்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். "ஆனா எங்கே கொண்டுபோய் இறக்கணும்னு சொல்லக் கூடாதுன்னு யாரும் சொல்லல." ரசீதைத் திருப்பிக் காட்டினார்.

என் வீட்டு விலாசம்!

அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "என்ன சார், எடுங்க கையை, ஆளுங்க பார்க்கிறாங்க" என்றார். பார்க்கட்டுமே! என் மாமியார், என் மச்சினி, என் மகள், என் தம்பி, எல்லாரும் என் மனைவியோடு சேர்ந்து எனக்கு நாற்காலி வாங்கியிருக்கிறார்கள். நாற்காலியும் வந்தது, கண்ணாடிக் கூட்டில் இருக்கிற பணமும் அப்படியே மிச்சம். அன்றைக்கு நான் டீ குடித்தேன். நாற்காலிக்காரருக்கும் வாங்கிக் கொடுத்தேன். முடி வெட்டிக்கொண்டேன். வருகிற வழியில் தம்பிக்குச் சாக்ஸ் வாங்கினேன். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தது. எவ்வளவு மிச்சம் தெரியுமா?

வீட்டில் ஜன்னல் ஓரத்தை நானே காலி செய்தேன். பூ ஜாடியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். நாற்காலி முழுசாகச் சாய்வதற்கு இடம் இருக்கிறதா என்று தரையில் படுத்து அளந்து பார்த்தேன்.

"அப்பா, என்ன பண்றீங்க?" என்றாள் மகள்.

"சும்மா படுத்திருக்கேன்மா."

"இப்பவே பழகிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். குழந்தைக்குத்தான் அப்பாமேல் எவ்வளவு அக்கறை! முக்காலியை எடுத்துக் குளியலறைக்குப் பக்கத்தில் வைத்தேன். "போயிட்டு வா, இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று அதைக் காலால் லேசாகத் தள்ளியும் விட்டேன்.

விடுமுறை முதல் நாள். எல்லாரும் வந்துவிட்டார்கள். வாசலில் வண்டி நின்றது. தம்பி ஒரு பக்கம், நாற்காலிக்காரரின் ஆள் மறுபக்கமாக, காகிதம் சுற்றிய ஒரு மலையை உள்ளே கொண்டுவந்து, நான் காலி செய்து வைத்த இடத்தில் கச்சிதமாக இறக்கினார்கள். காகிதத்தைக் கிழித்தார்கள். காப்பிக்கொட்டை நிறம்!

முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன்.

"எதுக்கு இதெல்லாம்? இவ்வளவு அன்பை நான் எதிர்பார்க்கவே இல்ல. உங்க எல்லாருக்கும்..." என்று சொல்லிக்கொண்டே வேட்டியைச் சரிசெய்து பின்பக்கமாக நாலடி நடந்தேன்.

"என்னங்க, கொஞ்சம் நகருங்க" என்றாள் மனைவி.

நகர்ந்தேன். அவள் உட்கார்ந்தாள்.

"சரி, நீ முதல்ல சும்மா உக்காந்து பாரு" என்றேன் பெருந்தன்மையாக.

"சும்மா இல்லைங்க. இது எனக்குத்தான்."

"உனக்கா? நீதானே வாங்கினே?"

"எல்லாரும் வாங்கினோம். எல்லாருக்கும் என் சீட்டுதானே வந்திருந்துது?"

"அது எப்படி? ஒரு சீட்டுலதானே மனைவின்னு எழுதினேன்!"

"அது எனக்கு வந்துது மாமா" என்றாள் மச்சினி. "எனக்கு ஏது மனைவி? அக்காகிட்டக் கேட்டேன். மாமாவோட மனைவி நான்தான்டின்னா. சரியாத்தானே சொன்னா?"

அது சரிதான். "அத்தை, உங்களுக்கு?" என்று மாமியார் பக்கம் திரும்பினேன்.

"மகள்னு போட்டிருந்துது மாப்பிள்ளை. எனக்கு மூத்த மகள் இவதானே? நான் யார்கிட்டயும் கேக்கக்கூட இல்ல."

"மகள்னா என் மகள், அத்தை! உங்க மகள் இல்ல!"

"என் கையில இருக்கிற சீட்டுல உங்க மகள் எப்படி வருவா மாப்பிள்ளை?" என்றார்.

"அண்ணே, எனக்கு மாமியார்னு வந்துது" என்றான் தம்பி. "எனக்குப் பொண்ணே இன்னும் பார்க்கல, அதுக்குள்ள மாமியாருக்கு எங்கே போவேன்? ஆளில்லாத சீட்டு வீட்டுத் தலைவிக்குன்னு அண்ணி சொன்னாங்க."

"எனக்கும் அதேதான்ப்பா" என்றாள் மகள். "மச்சினி. எனக்கு ஏது மச்சினி? ஆளில்லாத சீட்டு அம்மாவுக்கு."

"அதைத்தானேடா அன்னைக்கே என்கிட்டக் கேட்டிருக்கணும்!" என்று தம்பிமேல் பாய்ந்தேன்.

"கேக்க வந்தேனே. நீதான் மூச்சுன்னே."

உட்கார இடம் தேடினேன். இடம் இல்லை. "எல்லாரும் குடை விலைதானே போட்டீங்க? அத்தனை குடையும் சேர்ந்தாலும் இந்த நாற்காலிக்கு ஒரு கால்கூடத் தேறாதே! மிச்சம் யாரு குடுத்தது?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்கு மாப்பிள்ளை மறைக்கறீங்க? அவ எல்லாம் சொல்லிட்டா. டீ குடிக்காம, முடி வெட்டிக்காம, வருஷம் பூரா இவளுக்காகச் சேர்த்து வெச்சீங்களாமே! வீட்டுல இருக்கறதை எடுத்துப் போடுன்னு நீங்களே வாய் நிறையச் சொன்னீங்களாமே! என் பொண்ணு குடுத்து வெச்சவ."

"நீ இவ்வளவு நல்லவனாண்ணே?" என்றான் தம்பி. நான் வாங்கிக் கொடுத்த சாக்ஸ் அவன் கையில் இருந்தது. அதைவிட எனக்கு அவமானம் வேண்டுமா?

அது எனக்காகச் சேர்த்த பணம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தேன். மாமியாரின் ஈரக் கண்கள், மச்சினியின் மரியாதைப் பார்வை, மகளின் முகம் எல்லாம் எதிரே வரிசையாக நின்றன. இந்தக் குடும்பத்தில் முதல் முறையாக என்னை ஒரு மனிதன் என்று மதிக்கிறார்கள். அதுவும் என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்ததற்காக!

"ஆமா அத்தை. இவளுக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

மனைவி மடியிலிருந்து என் பழைய கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க உங்க கூடு. உள்ளே எல்லாம் நல்லாத் துடைச்சு வெச்சிருக்கேன்." திறந்து பார்த்தேன். நல்லாத்தான் துடைத்திருந்தாள்.

"இந்தப் பிடி புதுசு, கொஞ்சம் இறுக்கமா இருக்கு. இழுத்துவிடுங்க" என்றாள்.

இழுத்தேன். முதுகு மெதுவாகச் சாய்ந்தது. கால் மெதுவாக உயர்ந்து சரியாக என் மூக்குக்கு நேரே வந்து நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றாள். அந்த அப்பாடாவை நான் விட வேண்டியது. அப்போது அந்த வெடித்துப்போன பாதங்களைப் பார்த்தேன். கடையில் நான் நிற்பதைவிட அவள் அடுக்களையில் அதிக நேரம் நிற்பவள்தான் என்பது கண் டாக்டர் மாதிரி வேலை பார்க்கிற எனக்கு அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அதற்காக என் வயிற்றெரிச்சல் அடங்கியது என்று நினைக்காதீர்கள். எரிச்சலோடு எரிச்சலாகக் கொஞ்சம் வெட்கமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"அக்கா, நாங்க வந்தா உக்காரலாமா?" என்றாள் மச்சினி.

"தாராளமா. நான் சமைக்கும்போது அம்மா உக்காரட்டும். அம்மா தூங்கப் போனா நீ உக்காரு. தம்பி பங்கு போட்டிருக்காரு, ஞாயித்துக்கிழமை அவரு. பாப்பா பரீட்சைக்குப் படிக்கும்போது பாப்பா."

எல்லாருக்கும் பங்கு பிரித்தாகிவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். என்னைப் பற்றிய பேச்சே வரவில்லை. மானத்தை விட்டுக் கேட்டேன்.

"நான்?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. இடுப்பிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்து. இரண்டு தரம் அழுத்தி எழுதிய எழுத்து.

"எனக்கு வந்த சீட்டுல 'நான்'னு நீங்களே எழுதியிருக்கீங்களே" என்றாள். "நான்னா நான்தானேங்க?"

குளியலறைப் பக்கம் போய் முக்காலியை எடுத்து வந்தேன். சீட்டுக் குலுக்கியது நான், சீட்டுக் கிடைத்தது அவளுக்கு, கிழிந்தது என் சீட்டு.